தாத்தாவோட பல்லை எண்ணின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்னதையும் நடுவுல வந்த பைக் சத்தத்தையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

உங்கள்ல எத்தனை பேருக்குப் பல் டாக்டர்னா பயம்? எனக்கும்தான். அந்த மெஷின் சத்தம் கேட்டாலே காலெல்லாம் சில்லுன்னு ஆயிடும். இன்னைக்கு எபிசோட் ஒரு பல் கிளினிக்ல நடந்ததைப் பத்தி. நடுவுல சவேரியார் எழுதின ஒரு கடிதமும், பைபிள்ல உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு கதையும் வரும். ரெண்டுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, வந்துடும்.

எங்க ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்துல, கடலை ஒட்டி இருக்குற மீனவ ஊர். கத்தோலிக்க ஊர். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க. நான் சென்னையில வேலை பார்க்கிறேன், கிறிஸ்துமஸுக்கு மட்டும் தவறாம ஊருக்குப் போயிடுவேன். போன கிறிஸ்துமஸ் முடிஞ்ச ரெண்டாவது நாள் ராத்திரி அக்கா பையன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சான். ஆறு வயசு. மூணு நாளா மக்ரூனும் அச்சு முறுக்கும் அதிரசமுமா உள்ளே போயிருக்கு. பழியைத் தூத்துக்குடி மக்ரூன் மேல போட்டாச்சு. ஆனா அந்தச் சொத்தை அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே வந்தது, நாங்கதான் பார்க்கல.

அம்மா கிராம்பைத் தட்டி வச்சாங்க. அக்கா, "பால்பல்லுதானே, எப்படியும் விழப் போறதுதானே"ன்னாங்க. இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க, அதனால இதை முதல்ல முடிச்சுடறேன். பால்பற்கள் மொத்தம் 20. முன்பல் ஆறேழு வயசுல விழுந்துடும், சரி. ஆனா பின்னாடி இருக்குற பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருந்தாகணும். சாப்பிடுறதுக்கு மட்டும் இல்ல, கீழே வளர்ந்துக்கிட்டு இருக்குற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்குற வேலையும் அதுக்கு இருக்கு. பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. ஆறு வயசுல அதைப் பிடுங்கிட்டா பக்கத்துப் பல் சாய்ஞ்சு வந்து இடத்தை அடைச்சிடும். அப்புறம் வர்ற பல் கோணலா வரும், இல்ல வழி இல்லாம உள்ளேயே நின்னுடும். உள்ளே சீழ் வச்சா கீழே இருக்குற புதுப் பல்லோட மொட்டையும் அது தொடும். அதனால பால்பல்லுதானேன்னு விடாதீங்க.

காலையில திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். அக்கா, பையன், நான். அப்பாவும் ஏறிக்கிட்டார். அதான் ஆச்சரியம். அப்பாவுக்கு அறுபத்து மூணு வயசு, இன்னமும் பைபர் படகுல கடலுக்குப் போறார், பல் ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போகவே மாட்டார். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி, வேற ஒரு ஊர்ல, பல் வலின்னு ஒரு இடத்துக்குப் போனார். கரைக்கு வந்த கையோட போயிருக்கார். சட்டையில மீன் வாடை, வாயில புகையிலை வாடை. அங்கே இருந்தவர் மூக்கைப் பொத்திக்கிட்டு, "வாயை நல்லாக் கழுவிட்டு வெளியில உக்காருங்க"ன்னு சொல்லி, கடைசியில புகையிலை போடுறதுக்காக எல்லார் முன்னாடியும் ஒரு பாட்டம் திட்டி அனுப்பியிருக்கார். அந்த வலியை அப்பா சொன்னதே இல்ல. திட்டினதை மட்டும் இருபது தடவை சொல்லியிருக்கார்.

அன்னைக்கும் பேரனுக்காகத்தான் வந்தார். வாசல்லயே நின்னுக்கிட்டார்.

டாக்டர் காயல்பட்டினத்துக்காரங்க. இளவயசு, எனக்கு அக்கா மாதிரி இருப்பாங்க. பையன் உள்ளே போனதும் நாற்காலியைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், "வீட்டுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சுட்டான். வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான். நாங்க வழக்கம்போல சாக்லேட் வாங்கித் தர்றேன், போலீஸைக் கூப்பிடுவேன்னு எல்லாம் பண்ணினோம். (சாக்லேட்! பல் ஆஸ்பத்திரியில!) டாக்டர் எங்களைக் கையமர்த்திட்டு, வாசல் பக்கம் திரும்பி, "ஐயா, எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? தம்பிக்கு எப்படி உக்காரணும்னு தெரியல. நீங்க உக்காந்து காட்டுங்களேன்"னாங்க.

உதவின்னு கேட்டா எங்க அப்பா மாட்டேன்னு சொல்ல மாட்டார். கடல்ல பக்கத்து வள்ளத்துக்காரன் கூப்பிட்டா தன் வலையைப் போட்டுட்டுப் போற ஆள். உள்ளே வந்து உக்காந்தார்.

இதுக்குப் பல் மருத்துவத்துல ஒரு பெயரே இருக்கு. 'சொல்லு, காட்டு, செய்'. 1959-ல அடெல்ஸ்டன்ங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதி வச்ச முறை. முதல்ல குழந்தைக்குப் புரியற வார்த்தையில சொல்லணும். அப்புறம் கருவியைக் கையிலயோ வேற ஒருத்தர் மேலயோ காட்டணும். அதுக்கப்புறம், சொன்னதை மாத்தாம அப்படியே செய்யணும். மூணாவதுதான் ரொம்ப முக்கியம்னு டாக்டர் சொன்னாங்க. வலிக்காதுன்னு சொல்லிட்டு வலிச்சா அந்தக் குழந்தை அடுத்த இருபது வருஷத்துக்கு நம்பாது. அதனால 'வலிக்காது'ன்னு அவங்க சொல்லவே இல்ல. "கொசு கடிச்ச மாதிரி இருக்கும், அஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிடும், அப்புறம் பல் தூங்கிடும்"னாங்க. அந்தத் தூக்கத்தைக் கொடுக்குற மருந்து லிக்னோகெய்ன். 1943-ல சுவீடன்ல கண்டுபிடிச்சது. நரம்புல வலிச் செய்தி ஓடுறதுக்குச் சோடியம் உள்ளே போற சின்னச் சின்னக் கதவுகள் திறக்கணும். இந்த மருந்து அந்தக் கதவை அடைச்சுடும். வலிக்குக் காரணம் அங்கேயேதான் இருக்கும், செய்தி மட்டும் மூளைக்குப் போகாது.

அந்த மருந்தெல்லாம் இல்லாத காலத்துல பல் வலி வந்தவங்க புனித அப்போலோனியாகிட்ட வேண்டிக்கிட்டாங்க. எகிப்துல அலெக்சாந்திரியா நகரத்துல 249-ஆம் வருஷம் கலவரக் கும்பல் ஒண்ணு அந்த அம்மாவோட தாடையில அடிச்சுப் பல்லையெல்லாம் உடைச்சுது. பிப்ரவரி 9 அவங்க திருநாள். படங்கள்ல கையில ஒரு குறடும் பல்லுமா நிப்பாங்க. சின்ன வயசுல அந்தப் படத்தைப் பார்த்து அவங்கதான் பல் பிடுங்குற டாக்டர்னு நினைச்சிருக்கேன்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். டாக்டர் பையனைப் பக்கத்துல ஒரு முக்காலியில ஏத்தி நிறுத்தி, கையில சின்னக் கண்ணாடியைக் குடுத்து, "வா, தாத்தா பல்லை எண்ணலாம்"னாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. பையன் சத்தமா எண்ணுறான். எங்க அப்பா, ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்ற மனுஷன், வாயை ஆன்னு திறந்துக்கிட்டுப் படுத்திருக்கார். இருபத்து மூணு வந்துச்சு. பெரியவங்களுக்கு 32 இருக்கணும். "மிச்சம் எங்க தாத்தா?"ன்னு கேட்டான். "கடல்ல போட்டுட்டேன்ல"ன்னார். எல்லாரும் சிரிச்சோம். டாக்டர் மட்டும் இடது கொடுப்புப் பக்கம் கண்ணாடியை வச்சுக் கொஞ்ச நேரம் கூடுதலா பார்த்தாங்க. அதை நான் அப்போ கவனிக்கல.

பையன் தானா ஏறி உக்காந்தான். ஊசி போட்டாங்க, அஞ்சு எண்ணினான், கண்ல தண்ணி வந்துச்சு, ஆனா வாயை மூடல. பல்லுக்குள்ள அழுகின நரம்பை எடுத்துச் சுத்தம் பண்ணி மருந்து வச்சாங்க. பல்லைக் காப்பாத்திட்டாங்க. அப்புறம் அவனையும் அக்காவையும் வெளியில அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, அப்பாவுக்கு எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. நின்னுக்கிட்டுச் சொல்லல. அது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கு.

"ஐயா, புகையிலையை இந்தப் பக்கம்தானே அடக்குவீங்க? அங்கே ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. சுரண்டினா வரல. நிறைய பேருக்கு இது ஒண்ணும் ஆகாது. சில பேருக்குப் புற்றுநோயா மாறும். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கணும். நீங்க முன்னாடியே வந்திருக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கு வந்திருக்கீங்க, அது போதும்."

அப்பா பேசல. கையை மடியில வச்சுக்கிட்டுத் தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவா, "நான் திட்டுவீங்கன்னு நெனச்சேன் டாக்டரம்மா"ன்னார்.

அந்த வெள்ளைத் திட்டைப் பத்தி விவரமாச் சொல்லிடறேன், இது உங்க வீட்லயும் இருக்கலாம். வாய்க்குள்ள, கன்னத்துல, நாக்கோட ஓரத்துல, சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தா பார்க்கணும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண் இருந்தா பார்க்கணும். பாக்கு போடுறவங்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா திறக்க முடியாமப் போனாலும் பார்க்கணும். இதெல்லாம் பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது. சிக்கலே அதுதான். பார்க்குறதுக்குப் பெரிய மெஷினும் வேண்டாம். பக்கத்துல திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996-ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க. 35 வயசுக்கு மேல கிட்டத்தட்ட 1,90,000 பேர். ஒரு பகுதியில பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்துல பார்த்தாங்க, அவ்வளவுதான். 2005-ல 'லான்செட்' இதழ்ல முடிவு வந்துச்சு. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவங்கள்ல வாய்ப் புற்றுநோயால வர்ற சாவு ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது.

ஆனா வாயைத் திறந்து காட்டணும்ல? எங்க அப்பா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தது பயத்தால இல்ல, அவமானத்தால. புகையிலை போடுறவங்களுக்கு அது கெடுதல்னு தெரியாமலா இருக்கு? பாக்கெட் மேல படமே போட்டிருக்கு. அறிவுரைங்கிற பேர்ல அவங்களை எல்லார் முன்னாடியும் கூனிக் குறுக வச்சா, அவங்க புகையிலையை விட மாட்டாங்க, டாக்டரைத்தான் விடுவாங்க.

கிளம்பும்போது பையனோட சிகிச்சைக்கு மட்டும்தான் பில் போட்டிருந்தாங்க. அப்பா தன்னைப் பார்த்ததுக்குப் பணம் எடுத்தார். "உங்க பல்லை எண்ணினது உங்க பேரன். அவன்கிட்ட குடுங்க"ன்னாங்க. அப்பாவுக்குக் கடன் வைக்கப் பிடிக்காது, முகமே மாறிடுச்சு. நான் தனியா நன்றி சொல்லப் போனப்போதான் அவங்க சொன்னாங்க: "வாசல்ல நிக்கும்போதே பார்த்தேன், கன்னத்துல கை வச்சுக்கிட்டே இருந்தார். உக்காருங்கன்னா ஓடிடுவார்னு தெரிஞ்சது. எங்க வாப்பாவும் இதே மாதிரிதான்." உதவின்னு கேட்டது அதுக்குத்தான்.

இப்போ நான் சொன்ன பைபிள் கதை. நல்ல சமாரியன். லூக்கா 10-ஆம் அதிகாரம். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் தாண்டிப் போக, யூதர்களுக்கு ஆகாத சமாரியன் வந்து தூக்கினான். ஞாயிறு மறைக்கல்வியில நடிச்ச கதை, நான் கழுதையா நடிச்சேன். ஆனா ஒரு அதிகாரம் முன்னாடி, 9-ல என்ன இருக்குன்னு நான் ரொம்ப நாள் கவனிக்கல. சமாரியர்களோட ஒரு ஊர்ல இயேசுவுக்குத் தங்க இடம் குடுக்காமத் திருப்பி அனுப்பிடுறாங்க. யாக்கோபும் யோவானும், ரெண்டு பேரும் நம்மளை மாதிரி வலை பிடிச்ச பசங்க, "வானத்துலேர்ந்து நெருப்பை வரவழைச்சு இவங்களை அழிச்சிடலாமா?"ங்கிற அளவுக்குக் கொதிக்கிறாங்க. அந்தக் காயம் ஆறுறதுக்குள்ள, அடுத்த அதிகாரத்துலயே, அந்த இனத்து ஆளையே நாயகனா வச்சு ஒரு கதை சொல்றார். கேட்டுக்கிட்டிருந்த சீடர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

எங்களுக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவுல அப்படி ஒரு பழைய காயம் உண்டு. 1530-கள்ல முத்துக்குளிப்பை வச்சுப் பரதவர்களுக்கும் இந்தக் கரையோர முஸ்லிம்களுக்கும் பெரிய மோதல். அந்த நெருக்கடியிலதான் எங்க முன்னோர்கள் போர்ச்சுக்கீசியர் உதவியைத் தேடி, 1535-லேர்ந்து 37-க்குள்ள கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினாங்க. நாங்க கிறிஸ்தவங்களா இருக்குறதுக்கே அந்தச் சண்டை ஒரு காரணம். இன்னைக்கு அப்படி எல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரே பஸ்லதான் போறோம். ஆனாலும் சமாரியன்ங்கிற வார்த்தை அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

சவேரியார் கடிதம் இங்கேதான் வருது. அவர் 1542-ல இந்தக் கரைக்கு வந்தார். 1544 செப்டம்பர் 5 தேதி போட்ட அவரோட கடிதம் ஒண்ணு இருக்கு. எழுதின இடம், அவர் எழுத்துப்படி, 'ஆலெந்தலே'. எங்க ஊர்! அப்போ முத்துக்குளித்துறையோட போர்ச்சுக்கீசியத் தளபதி கோஸ்மே தெ பைவா. பேராசைக்காரர். எங்க ஜனங்களைச் சுரண்டுறார்னு சவேரியாருக்கு அவர் மேல கடுங்கோபம். அந்தச் சமயத்துல வடுகர் படை தூத்துக்குடியைத் தாக்கினதுல அந்தத் தளபதியோட கப்பலும் வீடும் எரிஞ்சு, அவர் தீவுக்குத் தப்பி ஓடிட்டார்னு சேதி வருது. நானா இருந்தா 'நல்லா வேணும்'னு நினைச்சிருப்பேன். சவேரியார் ஆலந்தலையில உக்காந்து தன் துணைவர் மன்சிலாஸுக்கு அவசரமா எழுதுறார்: ஆட்களையும் தோணிகளையும் கூட்டிக்கிட்டு, குடிதண்ணீர் ஏத்திக்கிட்டு, உடனே போய் அவருக்கு உதவுங்கன்னு. தீவுல தண்ணி இல்லாம இருக்குறது என்னன்னு கடற்கரைக்காரனுக்குத் தெரியும்.

அதுக்காகப் பைவா பண்ணினதை அவர் மறந்துடவும் இல்ல. அந்த வருஷக் கடைசியில எழுதின இன்னொரு கடிதத்துல, இந்தக் கரையில அடிச்ச கொள்ளைக்கெல்லாம் அந்த ஆள் மனசாட்சிக்குப் பதில் சொல்லியாகணும்னு பச்சையாவே எழுதியிருக்கார். தண்ணி குடுக்குறது வேற, கணக்கு வேற. எங்க டாக்டரும் அப்பாகிட்ட புகையிலை பரவாயில்லன்னு சொல்லல. கதவைச் சாத்திட்டு, எதிர்ல உக்காந்து, உள்ளதைச் சொன்னாங்க.

திங்கக்கிழமை தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கடிதம் குடுத்திருந்தாங்க, பதினோரு மணிக்குப் போன் பண்ணி "ஐயாவைப் பார்த்துட்டாங்களா?"ன்னும் கேட்டாங்க. மரத்துப்போக ஊசி, அரிசி அளவு சதை, ரெண்டு தையல். அந்தப் பத்து நாள் வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசல. அம்மா மட்டும் கோயில்ல வழக்கத்தை விட அதிக நேரம் உக்காந்திருந்தாங்க.

முடிவு வந்துச்சு. புற்றுநோய் இல்ல. ஆனா செல்கள்ல மாற்றம் ஆரம்பிச்சிருக்கு. புகையிலையை அடியோட நிறுத்தணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும். நிறுத்துறது அப்பாவுக்குச் சுலபமா இல்ல, ரெண்டு தடவை வழுக்கினார். 1800-11-2356-னு ஒரு இலவச எண் இருக்கு, புகையிலையை விட நினைக்கிறவங்களுக்கு ஆலோசனை சொல்றது. அப்பா மூணாவது தடவைதான் கூப்பிட்டார். இப்போதைக்கு நிறுத்தியிருக்கார். 'இப்போதைக்கு'ன்னு அவரேதான் சொல்வார்.

மூணு மாசம் கழிச்சு அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ ஒரு பெரிய சீலா மீனைக் கொண்டு போனார். மறுக்காம வாங்கிக்கிட்டாங்க. நான் இந்த எபிசோட் பண்ணப் போறேன், ஒரு உவமைக் கதை இருக்குன்னு ஆரம்பிச்சேன். உண்மையைச் சொன்னா கொஞ்சம் கூச்சம். ஒருத்தரை நல்ல சமாரியன்னு சொல்றது, 'நீங்க எங்காளு இல்ல, இருந்தும் நல்லவங்க'ன்னு சொல்ற மாதிரியும்தானே? அவங்க சிரிச்சுட்டு, "தெரியும், நான் படிச்சது சிஸ்டர்ஸ் பள்ளிக்கூடம். அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது சத்திரக்காரர். சமாரியன் ரெண்டு தெனாரியம் குடுத்துட்டு மறுநாள் கிளம்பிட்டார். மிச்ச ராத்திரியெல்லாம் கட்டு மாத்தினது யாரு?"ன்னு கேட்டாங்க. ரெண்டு தெனாரியம்னா ரெண்டு நாள் கூலி. அதுக்கு மேல ஆனா திரும்பி வரும்போது தர்றேன்னு ஒரு வாக்கு. அந்த வாக்கை நம்பி ராத்திரி முழிச்ச ஆளைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல.

ஊர்ல இப்போ ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் ஒரு வழக்கம் வந்திருக்கு. அக்கா வீடியோ அனுப்பினாங்க. பையன் அக்கா போன்ல டார்ச்சைப் போட்டுக்கிட்டு, திண்ணையில உக்காந்திருக்குற தாத்தா முன்னாடி வந்து நிக்கிறான். "தாத்தா, ஆ காட்டுங்க." அப்பா திறக்கிறார். இடது பக்கம் வெளிச்சம் அடிச்சுப் பார்க்கிறான், அப்புறம் ஒண்ணுலேர்ந்து எண்ணுறான். இருபத்து மூணு. சரியா இருக்குன்னு தலையாட்டிட்டு, டார்ச்சை அப்பா கையில குடுத்துட்டு, இவன் ஆ காட்டுறான்.